இருபது நிமிடம் குறைந்த பாதை

என் மகளின் கால் முறிந்த பாதையை வரைபடத்தில் ஏற்றியவள் நான். இந்த ஒரு வசனத்தை எழுத எனக்கு இத்தனை மாதங்கள் எடுத்திருக்கின்றன.

நான் ஒரு பெரிய தொழில்நுட்ப நிறுவனத்தில் வேலை செய்கிறேன். அதன் தலைமையகத்தைப் படத்தில்தான் கண்டிருக்கிறேன். கண்ணாடிச் சுவர்கள், புல்வெளி, அங்குமிங்கும் சாத்தி வைத்த சைக்கிள்கள். என் பங்கு வேலை திருகோணமலைத் துறைமுகத்தைப் பார்த்தபடி இருக்கும் எங்கள் வீட்டின் மேல்மாடி அறையில் நடக்கிறது. ஒரு மேசை, ஒரு கதிரை, நிறுவனம் அனுப்பிய கணினி. யன்னலுக்கு வெளியே சரக்கு இறக்கக் காத்திருக்கும் கப்பல்கள். முன்பு பள்ளிக்கூடத்தில் புவியியல் படிப்பித்துக்கொண்டிருந்தேன். தமிழும் சிங்களமும் வாசிக்கத் தெரிந்த, வரைபடம் விளங்கிய ஆட்கள் தேவை என்று விளம்பரம் வந்தபோது விண்ணப்பித்தேன். வேலை கிடைத்து நான்கு வருடமாகிறது.

செய்வது இதுதான். கைத்தொலைபேசியில் வரைபடம் பார்க்கும் யாரோ ஒருவர், இந்தக் கடை மூடிவிட்டது, இந்தத் தெருவின் பெயர் பிழை, இங்கே ஒரு பாதை இருக்கிறது என்று எழுதி அனுப்புவார். அவையெல்லாம் வரிசையாக என் திரைக்கு வரும். ஒவ்வொன்றுக்கும் விண்ணிலிருந்து எடுத்த செய்மதிப் படத்தைப் பார்த்து, பழைய படங்களோடு ஒப்பிட்டு, கிடைக்கும் ஆவணங்களைத் தேடி, ஓம் அல்லது இல்லை என்று சொல்லவேண்டும். திரையின் மூலையில் ஒரு சிறிய கடிகாரம் ஓடும். முதலில் பச்சை, பிறகு மஞ்சள், பிறகு சிவப்பு. சிவப்பாவதற்கு முன்பு முடிக்கவேண்டும். என் பதில்களில் சிலவற்றை எனக்குத் தெரியாத ஒருவர் எடுத்துப் பரிசோதிப்பார். அதிலிருந்து எனக்கு ஒரு தரப்புள்ளி வரும். மாதம் ஒருமுறை கூட்டம். திரையில் சதுரம் சதுரமாக முகங்கள். யாராவது நல்ல புள்ளி எடுத்தால் எல்லாருடைய சதுரத்திலும் கைதட்டும் படம் ஒன்று துள்ளும். சத்தம் இருக்காது.

அக்கம்பக்கத்துக்கு என் வேலை ஒரு பகிடி. தையல் கடை வைத்திருக்கும் பக்கத்து வீட்டுக்காரி மதிலுக்கு மேலால் கேட்பாள்.

"ரீச்சர், என்ர கடையைக் கொஞ்சம் மெயின் ரோட்டுக்குக் கிட்ட இழுத்து விடுங்கோவன். உள்ளுக்க கிடக்கெண்டு ஒருத்தரும் வாறேல்ல."

துறைமுகத்தில் இழுவைப் படகில் வேலை செய்யும் என் கணவர் இன்னும் மோசம். "கடலுக்கு மேலால மட்டும் ரோட்டுப் போட்டிடாதயும். எங்களுக்கு வேலை போயிடும்" என்பார். நிறுவனம் வருட முடிவில் அனுப்பிய தண்ணீர்ப் போத்தலைத் தூக்கிக்கொண்டுதான் அவர் படகுக்குப் போவது.

பயிற்சியின் முதல் நாளே எங்களுக்குச் சொல்லித் தந்த விதி ஒன்று உண்டு. உங்களுக்குத் தெரியும் என்பது ஆதாரம் அல்ல. நீங்கள் பிறந்த தெருவாக இருந்தாலும் இரண்டு ஆதாரம் வேண்டும். அண்மையில் எடுத்த படம் ஒன்று, அதிகாரபூர்வ ஆவணம் ஒன்று, அல்லது இடத்தில் நின்று யாராவது எடுத்த புகைப்படம். இரண்டாவது விதி, வேலையில் பார்க்கும் எதையும் வெளியாரோடு கதைக்கக்கூடாது என்பது. இரண்டுமே நல்ல விதிகள். நான் முதலாவதை மீறினேன். இரண்டாவதைப் பிடித்துக்கொண்டேன். இப்போது யோசித்தால், தலைகீழாகச் செய்திருந்தால் ஒன்றும் நடந்திருக்காது.

நான் சம்பூர்ப் பக்கத்தைச் சேர்ந்தவள். மகளுக்கு எட்டு மாதமாக இருந்தபோது, சண்டைக்குப் பயந்து அவளைத் தூக்கிக்கொண்டு ஊரைவிட்டு ஓடினோம். பல வருடம் கழித்து அரசாங்கம் காணிகளைத் திரும்பத் தந்தபோது என் தம்பி மட்டும் போய்க் குடியேறினான். நாங்கள் டவுனிலேயே தங்கிவிட்டோம். மகளுக்குப் பள்ளிக்கூடம், கணவருக்கு வேலை, காரணங்களுக்குக் குறைவில்லை. வருடத்தில் இரண்டு மூன்று முறை தம்பி வீட்டுக்குப் போவோம். காலையில் போய்ப் பின்னேரம் திரும்பிவிடுவோம். போவது எப்போதும் மூதூர்ப் பெருவீதியால்தான்.

ஒரு ஆவணி மாதம் அந்தப் பகுதி என் வரிசைக்கு வந்தது. திரையில் எங்கள் ஊர் வெறும் பச்சையாக இருந்தது. வீதி இல்லை, பெயர் இல்லை. காடு என்று நினைத்து விடப்பட்ட பச்சை. யாரோ ஒருவர் தோப்பூர் வயல்களிலிருந்து, கடல்தண்ணீர் உள்ளே ஏறி நிற்கும் களப்பின் ஓரமாக எங்கள் பக்கம் வரும் பாதை ஒன்றைக் கோடு போட்டு அனுப்பியிருந்தார். எனக்கு முன்பு வேறு நாட்டிலிருந்த ஒரு பரிசோதகர் அதை நிராகரித்திருந்தார். "இங்கு குடியிருப்பு இல்லை, பாதைக்கு ஆதாரமில்லை." கோடு போட்டவர் விடாமல் மறுபடி அனுப்ப, அது என்னிடம் வந்து விழுந்தது.

குடியிருப்பு இல்லை என்ற வார்த்தையை நான் பார்த்துக்கொண்டேயிருந்தேன்.

அந்தப் பாதையால் நான் எத்தனையோ தரம் போயிருக்கிறேன். அப்பாவின் சைக்கிள் பாரில் இருந்து தோப்பூர்ச் சந்தைக்கு. எந்த இடத்தில் மணல், எந்த இடத்தில் இறங்கித் தள்ளவேண்டும் எல்லாம் தெரியும். செய்மதிப் படத்தில் களப்பை ஒட்டி மங்கலாக ஒரு மண்ணிறக் கோடு தெரிந்தது. நடுவில் ஓரிடத்தில் முகில் நிழல் விழுந்து மறைத்திருந்தது. அங்கே தண்ணீரைக் கடக்க மதகு என்கிற சின்னப் பாலம் ஒன்று இருக்கும் என்றும் எனக்குத் தெரியும். ஓம் என்று அழுத்தினேன். எப்படிப்பட்ட பாதை என்று கேட்டது. வாகனம் செல்லக்கூடியது என்றேன். ஆதாரம் கேட்டது. செய்மதிப் படம் என்றேன், அது அரைகுறை உண்மை. உள்ளூர் அதிகாரசபை ஆவணம் என்றேன், அது முழுப்பொய். கடிகாரம் இன்னும் பச்சையாகவே இருந்தது.

சோம்பலால் செய்தேன் என்று சொல்ல முடிந்தால் கொஞ்சம் ஆறுதலாக இருக்கும். நான் கோபத்தில் செய்தேன். கோபம் அடங்கிய பிறகு சந்தோஷமாகவும் இருந்தேன். அந்த மாதம் முழுவதும் அந்தப் பச்சைக்குள் ஒவ்வொரு பாதையாக, ஒவ்வொரு பெயராகத் திரும்ப ஏற்றினேன். தம்பிக்குத் தொலைபேசியில் ஒரு கோல் எடுத்துக் கேட்டிருக்கலாம். வேலை விஷயம் வெளியில் கதைக்கக்கூடாது என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். உண்மையில், எனக்குத் தெரியாதது என்று அங்கே ஒன்று இருக்கும் என நான் நினைக்கவில்லை.

மகளுக்கு அந்த மார்கழியில் இருபது வயது. பல்கலைக்கழகத்துக்கு இடம் கிடைத்து, தொடங்கும் வரை வீட்டில் நின்றாள். ஒரு சனிக்கிழமை தோப்பூரில் இருக்கும் சிநேகிதி வீட்டுக்கு ஸ்கூட்டரில் போனாள். தம்பி பிரஷருக்குப் போடும் குளிசை முடிந்திருந்தது. அதை வாங்கி அவளிடம் கொடுத்து, திரும்பும் வழியில் மாமாவிடம் கொடுத்துவிட்டு வா என்று சொன்னதும் நான்தான். மத்தியானம் கழிந்து, தோப்பூரிலிருந்து வெளிக்கிட்டுவிட்டேன் என்று குறுஞ்செய்தி அனுப்பினாள். மழை விட்டுவிட்டுப் பெய்துகொண்டிருந்தது.

நாலு மணிக்குத் தம்பி கோல் எடுத்தான்.

"அக்கா, பிள்ளை இன்னும் வரேல்ல. மழைக்கு எங்கயும் ஒதுங்கி நிக்குதோ?"

அவளுடைய தொலைபேசி அடிக்கவேயில்லை. சிநேகிதி, இரண்டு மணிக்கே போய்விட்டாள் என்றாள். என் கை தானாக வரைபடத்தைத் திறந்தது. தோப்பூர் என்று போட்டு, தம்பி வீடு என்று போட்டேன். இரண்டு பாதை காட்டியது. ஒன்று பெருவீதியால் சுற்றி வருவது. மற்றது களப்போரமாக. நீலமாக, தடிப்பாக, "இருபது நிமிடம் குறைவு" என்று எழுதியபடி.

நான் தம்பிக்குச் சொன்னேன். "அந்தக் களப்புப் பாதையால வந்திருப்பாள். போய்ப் பார்."

"எந்தப் பாதை?"

"அப்பா எங்களைத் தோப்பூருக்குக் கூட்டிக்கொண்டு போறது."

"அது இல்லையே அக்கா. மதகு உடைஞ்சு எவ்வளவு காலம். ஒருத்தரும் அந்தப் பக்கம் போறேல்ல. பிள்ளைக்கு ஆர் அதைச் சொன்னது?"

சீக்கிரம் போ என்றேன்.

அவன் அயலில் இருந்தவர்களைச் சேர்த்து மோட்டார் சைக்கிள்களில் போய்ச் சேர்வதற்கு முன்பு, எருமை தேடி வந்த தோப்பூர் மனிதர் ஒருவர் அவளைக் கண்டிருந்தார். மதகின் கொங்கிறீற்றுப் பலகையில் பாதி தண்ணீருக்குள் சரிந்து கிடந்தது. மழையில் அது தெரியவில்லை. ஸ்கூட்டர் அவளுடைய காலுக்கு மேல் விழுந்திருந்தது. விழுந்தபோது முழங்கால் அளவாக இருந்த தண்ணீர், அவர் காணும்போது அவளுடைய நெஞ்சைத் தொட்டிருந்தது. மூன்று மணித்தியாலம். அவர் தன் உழவு இயந்திரத்தைக் கொண்டுவந்து, பெட்டியில் வைக்கோல் போட்டுக் கிடத்தி, தோப்பூர்ப் பக்கமாக வெளியே எடுத்தார்.

மூதூர் ஆஸ்பத்திரி வாசலில் அந்த மனிதரை நான் சந்தித்தேன். இடுப்பில் கட்டியிருந்த சாரத்தின் கரையெல்லாம் சேறு. கை எடுத்துக் கும்பிட்டேன்.

"என்ன புள்ள கும்புடுறீங்க? ஒங்கட மகளா? சரியான பொம்புள. ஒரு சொட்டுக் கண்ணீர் இல்ல. நான் கிட்டப் போகக்குள்ள ஆரையோ ஏசிக்கிட்டுக் கிடந்தா."

"ஆரை நானா?" முஸ்லிம் அண்ணன்மாரை நாங்கள் அப்படித்தான் கூப்பிடுவோம்.

"அல்லாவுக்குத்தான் வெளிச்சம். நான் நினச்ச எனக்குத்தான் ஏச்செண்டு." சிரித்தார். பிறகு முகம் மாறியது. "அது மனிசர் போற பாதையில்ல புள்ள. என்ட எருமை கூட யோசிச்சுத்தான் எறங்கும். முதலையும் கிடக்கு. போன் காட்டினதாம். போனுக்குக் கண்ணா இரிக்கி?"

என் கணவர் அவருடைய கையைப் பிடித்துக்கொண்டு நின்றார். நான் போய்ச் சுவரோரத்து மர வாங்கில் இருந்துவிட்டேன்.

முழங்காலுக்குக் கீழே இரண்டு எலும்பும் முறிந்திருந்தன. திருகோணமலைக்கு மாற்றி, தகடு வைத்து, மூன்று கிழமையில் வீட்டுக்கு அனுப்பினார்கள். எனக்கு விடுமுறை தந்த நிறுவனம், ஒரு கூடை பழமும் விரைவில் குணமடைய வாழ்த்து அட்டையும் அனுப்பியது. அட்டையில் எங்கள் குழுவில் உள்ள எல்லாருடைய கையெழுத்தும் அச்சடித்திருந்தது.

வேலைக்குத் திரும்பிய முதல் நாள் நான் முதலில் திறந்தது அந்தப் பாதையைத்தான். அப்படியே இருந்தது. தைப்பொங்கல் விடுமுறை முடிந்திருந்தது, ஆனால் மாரி இன்னும் முடியவில்லை. வெளியூர்ச் சனம் கடல் பார்க்கச் சம்பூர்ப் பக்கம் வந்து போகும் காலம். இன்னொருவர் அந்த நீலக்கோட்டில் இறங்கும் முன்பு அதை எடுத்துவிடவேண்டும். எனக்கு வேறு எதுவும் முக்கியமாகப் படவில்லை. தம்பி முள்ளுக் கொப்புகளை வெட்டிப் போட்டு, ஒரு தார்ப் பீப்பாவையும் குறுக்கே உருட்டி வைத்தான். இரண்டு நாளில் பீப்பாவை யாரோ கொண்டுபோய்விட்டார்கள்.

நான் ஏற்றிய பாதையை நானே அழிக்க முடியாது. எங்கள் வேலை அப்படித்தான் அமைக்கப்பட்டிருக்கிறது. ஒருவர் தன் பிழையைத் தானே மூடிவிடாதபடிக்கு. அழிக்கவேண்டும் என்று குறிப்பு எழுதினால் அது வேறொருவருக்குப் போகும். எழுதினேன். மறுநாள் பதில் வந்தது.

"அண்மைய பயணத் தடங்கள் உள்ளன. பாதை பயன்பாட்டில் உள்ளது. மாற்றம் தேவையில்லை."

பயணத் தடம் என்பது, தொலைபேசிகள் நகர்ந்த வழியை நிறுவனம் பெயரில்லாமல் சேர்த்து வைக்கும் மெல்லிய கோடுகள். ஒரு பாதையில் ஆட்கள் போகிறார்களா என்று பார்ப்பதற்கு. அந்த அடுக்கைத் திறந்தேன். ஆவணியில் அங்கே ஒன்றும் இருக்கவில்லை. இப்போது ஊதா நிறத்தில் பல கோடுகள். சம்பூர்ப் பக்கமிருந்து மதகு வரை ஏழெட்டு. அது தம்பியும் அவனோடு போனவர்களும். தோப்பூர்ப் பக்கமிருந்து மதகு வரை ஒன்று வந்து திரும்பியிருந்தது. அது உழவு இயந்திரம். இரண்டு பக்கக் கோடுகளும் மதகில் முட்டி நின்றன. மேலேயிருந்து பார்க்கும் ஒருவருக்கு அது ஒரே தொடர்ச்சியான பாதை. சனம் நிறையப் போய்வரும் பாதை.

அவற்றுக்கு நடுவில் இன்னொரு கோடு. தோப்பூரிலிருந்து நேராக வந்து மதகில் நின்று, அங்கேயே சின்னஞ்சிறு புள்ளிகளாகக் கொத்துக் கொத்தாகச் சேர்ந்திருந்தது. எந்தக் கோட்டிலும் பெயர் இல்லை. எனக்குப் பெயர் தேவைப்படவில்லை.

என் பிள்ளை தண்ணீருக்குள் கிடந்த மூன்று மணித்தியாலம், அந்தப் பாதை நல்ல பாதை என்பதற்கு ஆதாரமாகிவிட்டிருந்தது.

அதற்குப் பிறகு அந்த அடுக்கை எத்தனை தரம் திறந்து பார்த்தேன் என்று தெரியாது. வேறு ஊர்களின் கடைகளையும் தெருக்களையும் முடித்துக்கொண்டிருக்கும்போதே கை அங்கே போகும். புதிதாக ஒரு கோடு வந்துவிட்டதா என்று பார்ப்பேன். எந்த ஊரில் எந்தத் தடம் நடுவழியில் நின்றாலும் என் விரலும் அங்கேயே நிற்கும். யாரோ தேநீர் குடிக்க நின்றிருப்பார், அவ்வளவுதான். ஆனாலும் அந்தப் புள்ளிகளைப் பெரிதாக்கிப் பெரிதாக்கிப் பார்த்துக்கொண்டிருப்பேன். கடிகாரம் சிவந்துவிடும்.

தம்பியின் அயலவர் ஒருவரைக் கொண்டு மதகைப் படமெடுத்து அனுப்பச் செய்தேன். அதற்குள் மழை கூடி, வெள்ளம் ஏறி, மதகு முழுவதும் மூழ்கிவிட்டிருந்தது. படத்தில் இருந்தது தண்ணீர் மட்டும். "தற்காலிக வெள்ளம்" என்று நிராகரித்தார்கள். வற்றும்வரை காத்திருந்தால் இன்னும் இரண்டு மாதம்.

நேரான வழி ஒன்று இருந்தது. எங்கள் குழுத் தலைவருக்கு எழுதி, ஆதாரம் இல்லாமல் ஏற்றியது நான்தான் என்று சொல்லியிருக்கலாம். அதை மட்டும் செய்யாமல் மற்ற எல்லாவற்றையும் செய்தேன். வேலை போய்விடும் என்று பயந்தேன். மகளின் படிப்புக்கு அந்த வேலை வேண்டும் என்று சொல்லிக்கொண்டேன். எழுதிவிட்டால் அது வீட்டுக்குள்ளும் வந்துவிடும் என்பதுதான் பெரிய பயம்.

ஒரு நாள் மகள் கட்டிலில் காலை நீட்டிக்கொண்டு சிநேகிதியோடு கதைப்பது கேட்டது. "நான் விழுந்த உடன படமெல்லாம் எடுத்தனான்டி. ஆருக்காவது அனுப்புவம் எண்டு. சிக்னல் இருந்தாத்தானே."

தண்ணீர் ஏறுவதற்கு முன்பு எடுத்த படம். உடைந்த பலகை தெரியும் படம். உலகத்திலேயே அந்தக் கோட்டை அழிக்கக்கூடிய ஒரே ஆதாரம் பக்கத்து அறையில் அவளுடைய தலையணைக்குக் கீழே இருந்தது.

அன்று பின்னேரம் தேநீர் கொண்டுபோய்க் கொடுத்துவிட்டுக் கட்டிலில் இருந்தேன்.

"நீ அங்க எடுத்த படங்களை ஒருக்காக் காட்டு பிள்ளை."

"என்னத்துக்கு?"

"பிரதேச சபைக்கு எழுதிப் போடுவம் எண்டு." அதுவும் பொய்.

அவள் தொலைபேசியைத் திறந்து நீட்டினாள். எட்டுப் படம். சேற்றுத் தண்ணீர், ஸ்கூட்டரின் கைபிடி, சரிந்த கொங்கிறீற்றுப் பலகை, அதில் துருப்பிடித்துத் துருத்திக்கொண்டிருக்கும் கம்பிகள். பலகையும் கம்பியும் துல்லியமாகத் தெரிந்தன. ஒன்பதாவது ஒரு காணொளி. "அது வேண்டாம் அம்மா" என்று அவள் கை நீட்டுவதற்குள் என் விரல் பட்டுவிட்டது.

படம் ஆடியது. மழைச் சத்தம். பிறகு என் மகளின் குரல். பற்கள் அடித்துக்கொள்ள, ஆனால் அழாமல்.

"இது ரோட்டாம். பாருங்கோ எல்லாரும், இது ரோட்டாம். இதைப் போட்டவன் ஆரோ தெரியாது. ஏசி ரூமுக்குள்ள இருந்துகொண்டு போட்டிருப்பான். அவன்ர பிள்ளையும் இப்பிடிக் கிடக்கோணும். அப்பத்தான் அவனுக்குத் தெரியும்."

அவள் தொலைபேசியைப் பறித்து நிறுத்தினாள். "கோவத்தில சொன்னனான்" என்றாள். கொஞ்சம் வெட்கத்தோடு சிரித்தாள். "ஆளைத் தெரியாதுதானே."

"கிடந்தது" என்றேன்.

"என்ன?"

"அந்தப் பிள்ளை கிடந்தது. நான்தான் அந்த ரோட்டைப் போட்டனான்."

அவள் முதலில் பகிடி என்று நினைத்தாள். என் முகத்தைப் பார்த்த பிறகு சிரிப்பு நின்றது. நான் எல்லாவற்றையும் சொன்னேன். பச்சை நிறம், அப்பாவின் சைக்கிள், முகில் நிழல், இல்லாத ஆவணம். அழித்துப் பார்த்தது, முடியாமல் போனது. அவளுடைய தடத்தைக் காட்டியே அவர்கள் அந்தப் பாதையை வைத்திருப்பது. சொல்லி முடிய நெடுநேரம் எடுத்தது. தேநீரில் ஆடை படிந்துவிட்டது.

"மாமாட்ட ஒரு கோல் எடுத்துக் கேட்டிருக்க ஏலாதோ?"

"ஏலும்."

"பிறகு ஏன் கேக்கேல்ல?"

"எனக்குத் தெரியும் எண்டு நினைச்சன்."

அவள் சுவர்ப் பக்கம் திரும்பிக்கொண்டாள். "நீங்கள் போங்கோ அம்மா. நான் கொஞ்சம் படுக்கப் போறன்."

இரண்டு நாள் என்னோடு பேசவில்லை. குளிக்க உதவ என் கணவரின் தங்கையைக் கூப்பிட்டாள். மூன்றாம் நாள் காலை நான் மேலே வேலை செய்துகொண்டிருந்தபோது, ஊன்றுகோலின் சத்தம் படியில் கேட்டது. ஒவ்வொரு படியாக. நான் எழுந்து ஓடவில்லை. ஓடினால் ஏசுவாள் என்று தெரியும். வாசலில் நின்று மூச்சு வாங்கினாள்.

"நான் அனுப்பிப்போட்டன். எட்டுப் படமும். என்ன பிழை எண்டு எழுதச் சொல்லிக் கேட்டது. மதகு உடைஞ்சது, ஆக்கள் சாவினம் எண்டு எழுதினனான். காணுமோ, இன்னும் வேணுமோ?"

"காணும்."

"வீடியோ அனுப்பேல்ல" என்றாள். "அதை வச்சிருக்கப் போறன்."

நான் தலையாட்டினேன். அதை அழித்துவிடு என்று கேட்க எனக்கு ஒரு உரிமையும் இல்லை.

அடுத்த நாள் கோடு போய்விட்டது. நான் பார்த்துக்கொண்டிருக்கும்போது போகவில்லை. ஒரு தரம் திறந்தபோது இருந்தது, மறுதரம் திறந்தபோது இல்லை. மகளின் தொலைபேசிக்கு நிறுவனத்திடமிருந்து நன்றிக் கடிதம் வந்தது. அவள் அதைச் சாப்பாட்டு மேசையில் வைத்துச் சத்தமாக வாசித்தாள்.

"உங்கட கொம்பனி எனக்கு நன்றி சொல்லுது. உங்களுக்கு என்ன சொன்னது?"

"நான் இன்னும் சொல்லேல்ல."

"சொல்லுங்கோ."

சொன்னேன். குழுத் தலைவர் கடலுக்கு அப்பால் சென்னையில் இருப்பவர், என்னைவிடப் பத்து வயது இளையவர். திரையில் அவருடைய முகத்துக்குப் பின்னால் பொய்யான கடற்கரை ஒன்று அசைந்துகொண்டிருந்தது. ஆதாரம் இல்லாமல் ஏற்றியதை, இல்லாத ஆவணத்தைக் காட்டியதை, அதில் விழுந்தது என் மகள்தான் என்பதைச் சொன்னேன். அவர் கண்ணாடியைக் கழற்றிவிட்டு முகத்தைத் துடைத்தார்.

"கடவுளே. மேடம், எவ்வளவு கஷ்டம் உங்களுக்கு." பிறகு எதையோ தட்டிப் பார்த்தார். "ஆனா அந்த ஐட்டம் க்ளோஸ் ஆயிடுச்சே. ரோடு எடுத்தாச்சு. அந்த மாசம் உங்க ஸ்கோரும் ரொம்ப நல்லா இருக்கு. சாம்பிள்ல இது வரவே இல்ல. நான் இதை எங்க பதிவு பண்றதுன்னே தெரியல."

"நான் பொய் ஆவணம் போட்டனான்."

"புரியுது மேடம். இனிமே கவனமா இருங்க. உங்களைக் கொஞ்ச நாள் கடைங்க பக்கம் மாத்தி விடறேன், ரோடு வேணாம். உடம்பைப் பாத்துக்கோங்க."

அவ்வளவுதான். நல்ல மனிதர், ஒன்றையும் மறைக்கவில்லை. அவ்வளவு பெரிய நிறுவனத்தில் நான் செய்ததை வைக்க ஓர் இடம் இருக்கவில்லை. நான் ஏச்சுக்காகக் காத்திருந்தேன் என்பது அழைப்பு முடிந்து திரை கறுத்த பிறகுதான் எனக்குத் தெரிந்தது. இன்றும் அங்கேதான் வேலை செய்கிறேன். கடைகளின் திறக்கும் நேரம், மூடும் நேரம். ஒருவரும் விழமாட்டார்கள் என்று சொல்லிக்கொள்கிறேன்.

இதையெல்லாம் மகளிடம் சொன்னபோது அவள் கேட்டாள்.

"அந்த மாசம் நீங்கள் இதை மட்டுமோ போட்டனீங்கள்?"

"இல்லை. இன்னும் பத்து."

"அதுகளை ஆர் பாத்தது?"

ஒருவரும் பார்க்கவில்லை. தம்பியிடம் கேட்டேன். ஏழு நல்ல பாதை, தான் தினமும் போவது என்றான். மூன்றைப் பற்றி அவனுக்கும் நிச்சயமில்லை.

பங்குனியில், மழை முழுவதும் விட்ட பிறகு, ஒரு ஞாயிறு காலை அந்த மூன்றையும் பார்க்க இரண்டு பேரும் போனோம். நான் வேண்டாம் என்று எவ்வளவோ சொன்னேன். அவள் ஸ்கூட்டரை எடுத்து, என்னைப் பின்னால் ஏற்றிக்கொண்டாள். முறிந்த காலை இன்னும் முழுதாக மடிக்க ஏலாது, கொஞ்சம் நீட்டியபடியே வைத்திருந்தாள். கிண்ணியாப் பாலம் தாண்டி, மூதூர் தாண்டி, முதலாவது பாதையின் வாயில் வந்து நின்றோம். இரண்டு பக்கமும் அறுத்த வயல். நடுவில் செம்மண் தடம், வண்டி போன அடையாளம் இருந்தும் இல்லாமலும். வரம்பில் புல் அறுத்துக்கொண்டிருந்த பெண் ஒருத்தி நிமிர்ந்து பார்த்தாள்.

"ஆரைத் தேடுறியள்?"

"ஒருத்தரையும் இல்லை. ரோட்டுப் பாக்க வந்தனாங்கள்" என்றாள் மகள்.

"ரோட்டோ? அதைப் பாக்க டவுனில இருந்து வந்தனியளோ? உங்களுக்கு அங்க வேலை வெட்டி இல்லையோ?"

மகள் சிரித்தாள். அந்தப் பெண் கேட்டதில் பிழையில்லை என்கிற சிரிப்பு. பிறகு தொலைபேசியை எடுத்து முன்னால் மாட்டினாள். நீலக்கோடு நேரே போனது. தூரத்தில் ஒரு மதகின் வெள்ளைக் கல் தெரிந்தது.

அவள் இயந்திரத்தை நிறுத்தவில்லை.

"இறங்குங்கோ அம்மா" என்றாள். "நீங்கள் முன்னால நடவுங்கோ. நான் பின்னால வாறன்."

இறங்கினேன். செருப்பைக் கழற்றிக் கையில் எடுத்துக்கொண்டு, ஒவ்வொரு அடியையும் அழுத்தி வைத்துப் பார்த்தபடி நடந்தேன். ஸ்கூட்டரின் சத்தம் எனக்குப் பின்னால், கிட்டேயும் வராமல், தூரமும் போகாமல் வந்துகொண்டிருந்தது.